அரை அட்டை

செவ்வாயும் வெள்ளியும் இந்த ஆஸ்பத்திரி.
மற்ற நாள், ஆற்றுக்கு அக்கரையில் ஒன்று.
இரண்டு மருந்து ஜன்னலுக்கும்
ஒரே மூக்குக்கண்ணாடி.

டாக்டரை ஹைகிரவுண்டுக்கு எடுத்துக்கொண்டு
எட்டு மாதம் ஆகிறது.
மேசையில் பெயர்ப்பலகை மட்டும்
விடுப்பு எடுக்காமல் வருகிறது.
பழைய சீட்டில் தேதியை அடித்து
புதுத் தேதி போட்டுத் தருகிறாள் நர்ஸ் ஜெசிந்தா.
நடுவில் பிரசவ அறையிலிருந்து சத்தம் வந்தால்
பேனாவோடு ஓடிவிடுவாள்.
பேனா திரும்பும்வரை வரிசை நிற்கும்.

சர்க்கரை மாத்திரை நாலாயிரம் கேட்டு எழுதினேன்.
தொள்ளாயிரம் வந்தது.
பதிவேட்டில் கேட்டதற்கு ஒரு கட்டம்,
வந்ததற்கு ஒரு கட்டம்.
வராததற்கும் ஒரு கட்டம் வேண்டுமென்று
அச்சடித்தவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே வெட்டுகிறேன்.
இருபது மாத்திரை அட்டையைப் பாதியாக.
கட்டுப் போடும் அறையின் கத்தரிக்கோல்
பஞ்சு வெட்டியே மழுங்கிப்போனது.
அட்டையைக் கடிக்கும், மெல்லும், துப்பாது.
மருந்தின் பெயர் ஒரு பாதியோடு போகிறது,
காலாவதித் தேதி மறுபாதியோடு.
கண்டக்டராக இருந்து ஓய்ந்த செய்யது மீரான்
தன் பாதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
"பாதி டிக்கெட்டக் காட்டுனவனையெல்லாம்
நான் எறக்கி விட்டிருக்கேன், தாயி."
பேனாவால் பெயரெழுதிக் கொடுத்தேன்.
ஈயத்தாளில் மை நிற்கவில்லை.
அவர் விரலில்தான் நின்றது.

அன்றைக்கு
நாய் கடித்த பையன் ஒருவன் பெஞ்சில்.
ஒரு குப்பியை உடைத்தால் நாலு பேருக்குப் போடவேண்டும்.
மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள்.
நாலாவது ஆளை எந்தத் தெருவில்
எந்த நாய் துரத்திக்கொண்டிருந்ததோ,
மூன்றரை மணிக்கு நொண்டிக்கொண்டு வந்தார்.
பையனின் அம்மா முகத்தில் வந்தது
சந்தோஷம்தான். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

வராண்டாவில் சுளகை மடியில் வைத்து
பீடியிலை நறுக்கிக்கொண்டிருந்த முப்பிடாதி
என் கத்தரியின் முனகலைப் பொறுக்கமாட்டாமல்
எழுந்து வந்தாள்.
"இங்க கொண்டாங்க."
தகடு வைத்து இலை வெட்டிய முப்பது வருசம்
அந்தக் கையில் இருந்தது.
நான் ஒருவர் கொண்டுவந்த பிராந்திக் குப்பியில்
இருமல் மருந்து ஊற்றி முடிப்பதற்குள்
நாற்பது அட்டை, கோடு பிசகாமல்.

வெட்டிக்கொண்டே கேட்டாள்:
"எல கொறஞ்சா ஏசண்டு எங்க கூலியில பிடிப்பான்.
மாத்திர கொறஞ்சா
ஒங்க ஆபீசுல யாருட்ட பிடிப்பாவ?"

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணும்போது பேசினால் கணக்குத் தப்பும்.

அவளுக்கும் அரை அட்டைதான்.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று,
பத்து மாத்திரை, ஐந்து நாள்.
அவள் வெட்டியதிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய் வந்தாள்.
ஏழு நாள் ஆகியிருந்தது.
"ரெண்டு நாளா மருந்தில்லாமலா இருந்தீங்க?"
கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டேன்.
பதில் சொல்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
பீடிக்கட்டு நூல் சுற்றிய பொட்டலம்.
உள்ளே இன்னும் மூன்று,
ஒவ்வொன்றும் தனித்தனிச் சதுரமாக.
ராத்திரி மாத்திரையை அவளே நிறுத்தியிருக்கிறாள்.

"இன்னிக்காவது வந்துருக்கா?" என்றாள்.

எதிலும் பெயரில்லை, தேதியில்லை.
நாலு முனையும் வளைத்து வெட்டியிருந்தது,
கையில் குத்தாமல்.